கொள்ளுன்னா வாயைத் திறக்கும்

கொள்ளுன்னா வாயைத் திறக்கும், கடிவாளம்னா வாயை மூடும்னு குதிரையைப் பத்தி நம்மூர்ல ஒரு சொலவடை உண்டு. வேலைன்னா ஒதுங்கிட்டு சாப்பாடுன்னா முதல் ஆளா வந்து நிக்கறவங்களைக் கிண்டல் பண்ணச் சொல்றது. எங்க டீம்ல நாலு பேருக்கு அப்படியே பொருந்தும் (என்னையும் சேர்த்துத்தான், மேனேஜர்கிட்ட கேட்டுப் பாருங்க). ஆனா கொள்ளை மூஞ்சிக்கு நேரா நீட்டினாக்கூட வாயைத் திறக்காத ஒரு குதிரையை நான் பாத்திருக்கேன். அதோட கதைதான் இது. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கங்க மக்கா.

எங்க ஊர் கிள்ளை. பிச்சாவரம்னு சொன்னா எல்லாருக்கும் தெரியும், அதுக்குப் பக்கத்துல கிள்ளைன்னா முழிப்பாங்க. மாசி மகத்துக்கு ஸ்ரீமுஷ்ணம் பூவராக சாமி தீர்த்தவாரிக்கு எங்க ஊர் கடற்கரைக்குத்தான் வரும், வழியில தர்காவுல சாமிக்கு மரியாதை நடக்கும். அந்தக் கூட்டத்துல சின்னப் பசங்களைக் குதிரையில ஏத்தி ஒரு சுத்து கூட்டிட்டு வர்ற பாய் ஒருத்தர் இருப்பார். அவரோட அத்தா காலத்துல சிதம்பரம் ரயிலடியில ஜட்கா ஓட்டின குடும்பம். ஜட்கா போச்சு, குதிரை மட்டும் போகல. கல்யாண ஊர்வலம், காதுகுத்து, கோயில் திருவிழான்னு ஒத்தைக் குதிரையை வச்சே வீட்டை ஓட்டினார். குதிரை பேரு ராணி. வெள்ளைன்னு சொல்லுவார், பாக்க சாம்பலாத்தான் இருக்கும்.

2020 மார்ச்ல ஊரடங்கு போட்டதும் நான் பொட்டியும் லேப்டாப்புமா சென்னையிலேருந்து கிள்ளைக்கு வந்து சேர்ந்தேன். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகல. பகல்ல ஆணி புடுங்கறது, சாயங்காலம் டவர் கிடைக்கற இடமா தேடி நடக்கறது. அந்த நடையிலதான் பாய் வீட்டுக் கொட்டகை தினமும் கண்ணுல படும். கல்யாணமே இல்லாத காலம். ராணி நாளுக்கு நாள் இளைச்சுக்கிட்டே போச்சு. விலா எலும்பை எண்ணிடலாம், இடுப்பெலும்பு ரெண்டும் துருத்திக்கிட்டு நிக்குது.

பாக்கறவங்க எல்லாரும் என்ன நினைப்பாங்க? தீனி இல்ல, அதான்னு. நானும் அதான் நினைச்சேன். ஜூன்ல காலேஜ் நண்பர்கள் ஆறு பேர் காசு போட்டு கொள்ளு ரெண்டு மூட்டை, தவிடு, ஒரு லோடு வைக்கோல் வாங்கிப் போட்டோம். வாட்ஸப் குரூப்ல போட்டோ எல்லாம் போட்டு ஒரே பெருமை. பாய் கண் கலங்கிட்டார். பிரச்சினை முடிஞ்சதுன்னு டிக்கெட்டை மூடிட்டேன்.

ரெண்டு மாசம் கழிச்சுப் பாத்தா குதிரை இன்னும் இளைச்சிருந்தது.

குடல் புழுவா இருக்கும்னு மாத்திரை கொடுத்தாச்சு. கண்ணு பட்டிருக்கும்னு தாயத்து கட்டியாச்சு. எங்க அம்மா தன் பங்குக்கு உப்பு மிளகாய் சுத்திப் போட்டாங்க. ஊர்ல ரெண்டு பேர், கொள்ளு மூட்டையை பாய் வித்துட்டார்னு எங்கிட்டயே வந்து சொன்னாங்க. சொல்ல வெக்கமாத்தான் இருக்கு, ஒரு நாள் அவர் இல்லாத நேரமா பாத்து கொட்டகைக்குப் போய் மூட்டையை எட்டிப் பாத்தேன். மூட்டை அப்படியே இருந்தது. பாதிக்கு மேல அப்படியே!

எனக்கு ஒறைச்சது அப்பதான். இன்புட் இருக்கு, உள்ளே போகல. இத்தனை நாளா தீனித் தொட்டியையும் குதிரையோட வயித்தையும் பாத்தோமே தவிர நடுவுல இருக்கற வாயை ஒருத்தரும் பாக்கல.

அங்கேயே உக்காந்து அரை மணி நேரம் அது சாப்பிடறதைப் பாத்தேன். வைக்கோலை வாயில எடுக்குது, தலையை ஒரு பக்கமா சாய்ச்சுக்கிட்டு மெதுவா மெல்லுது, அப்பறம் தேங்கா நார் உருண்டை மாதிரி எச்சில் வழிய கீழே போட்டுடுது. அந்த மாதிரி உருண்டை தரையெல்லாம் கிடந்தது. தினமும் கூட்டித் தள்ளற குப்பைதான், ஆனா யாரும் அதை ஒரு சேதியா எடுத்துக்கல. சாணியில விரல் நீளத்துக்கு முழுசு முழுசா வைக்கோல், உடையாத கொள்ளு. பக்கத்துல போனா வாயிலேருந்து ஒரு அழுகல் வாடை.

மாட்டுக்குப் பல் பாக்கறது நமக்குப் புதுசில்ல. சந்தையில ரெண்டு பல்லு, நாலு பல்லுன்னு பேசித்தான் விலையே படியும். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாக்காதேன்னு பழமொழியே இருக்கு. ஆனா அதெல்லாம் வயசு பாக்க. வலிக்குதான்னு பாக்க இல்ல. இன்னொண்ணு, மாட்டுக்கு அசை போடற வசதி இருக்கு. முதல்ல அரைகுறையா முழுங்கினாலும் சாவகாசமா திரும்பக் கொண்டுவந்து அரைச்சுக்கும். குதிரைக்கு அந்த இரண்டாவது வாய்ப்பு கிடையாது. ஒரு தடவை மென்னு உள்ளே அனுப்பினா அனுப்பினதுதான். சரியா அரையாமப் போனா தொண்டையில அடைக்கும், இல்லன்னா குடல்ல அடைச்சு வயித்துவலி வரும். குதிரைக்கு வர்ற வயித்துவலி நமக்கு வர்ற மாதிரி ஓமத்தண்ணிக்கு அடங்கறது இல்ல, ஆளையே முடிச்சிடும்.

குதிரைப்பல் நம்ம பல் மாதிரி ஒரு தடவை முளைச்சு நின்னுடற சமாச்சாரம் இல்லைங்கறதே எனக்கு அப்பதான் தெரியும். பால்பல் 24 இருக்கும், ரெண்டரை வயசுலேருந்து நாலரை வயசுக்குள்ள விழுந்து முளைக்கும். ஆண் குதிரைக்கு மொத்தம் நாப்பது பல் வரைக்கும் சாதாரணமா இருக்கும், பெட்டைக்குச் சிலது கம்மி. கடைவாய்ப்பல் தாடைக்குள்ள விரல் நீளத்துக்குப் புதைஞ்சு கிடக்கும், மேல தேயத் தேய வருஷத்துக்கு ரெண்டு மூணு மில்லிமீட்டர் வெளியே வந்துக்கிட்டே இருக்கும். மைக்ரோ டிப் பென்சில் மாதிரின்னு வச்சுக்கங்களேன். எழுத எழுத முனை வரும். ஆனா எழுதாமலே தள்ளிக்கிட்டு இருந்தா?

அங்கதான் சிக்கல். குதிரையோட மேல்தாடை கீழ்தாடையை விட அகலம். புல்வெளியில விட்டா ஒரு நாளைக்குப் பதினாறு மணி நேரத்துக்கு மேல மண்ணும் புல்லுமா மேஞ்சு, தாடையைப் பக்கவாட்டுல நல்லா அகலமா சுத்திச் சுத்தி அரைக்கும். கிட்டத்தட்ட திருகை மாதிரி. பல் முழுக்க ஓரளவு சமமாத் தேயும். கொட்டகையில கட்டிப்போட்டு கொள்ளும் தவிடும் கொடுத்தா வேலை சீக்கிரம் முடிஞ்சிடும், தாடையும் அவ்வளவு அகலமா போகாது. அப்ப மேல்பல்லோட வெளி ஓரமும் கீழ்பல்லோட உள் ஓரமும் தேயாம கத்தி மாதிரி கூரா வளர்ந்துடும். மேல இருக்கறது கன்னத்தைக் கிழிக்கும், கீழ இருக்கறது நாக்கைக் கிழிக்கும். நமக்கு வாயில ஒரு சின்னப் புண்ணு வந்தாலே காரக்குழம்பைப் பாத்து அழறோம். அது வருஷக்கணக்கா அந்தப் புண்ணோட வைக்கோல் திங்குது.

பாய்கிட்ட இதை எடுத்துச் சொன்னப்ப அவர் கேட்ட கேள்வி நியாயமானதுதான். "கோடியக்கரையில காட்டுக் குதிரை திரியுதே தம்பி, அதுக்கெல்லாம் யாரு பல்லு பாத்து விட்டா?"

கோடியக்கரை சரணாலயத்துல அப்படி மட்டக்குதிரைங்க இருக்கறது நெசம். நான் ரெண்டு விதமா பதில் சொன்னேன். ஒண்ணு, அதுக நாளெல்லாம் மேயுது, ராணி மேயல. ரெண்டு, அங்க பல்லு கெட்ட குதிரை இளைச்சு செத்துப் போகும், அது நம்ம கணக்குல வராது. பாய் ஒண்ணும் சொல்லல. கொஞ்ச நேரம் கழிச்சு, "ஆறு வாரத்துக்கு ஒருக்கா லாடம் மாத்தறேன். வாயைத் தொறந்து பாக்கணும்னு எங்க அத்தாவும் சொல்லல, லாடக்காரரும் சொல்லல"ன்னார்.

சரி, பல் வைத்தியத்துக்கு ஆள் வேணுமே. குதிரை பாக்கற டாக்டர் கிடைக்கறது சுலபமில்ல. குதிரையே குறைஞ்சு போச்சு. 2012 கால்நடைக் கணக்கெடுப்புல நாடு முழுக்க ஆறே கால் லட்சம் குதிரை, மட்டக்குதிரை இருந்தது, 2019ல மூணு லட்சத்து நாப்பதாயிரம் சொச்சம். ஏழே வருஷத்துல பாதிக்குப் பக்கம் காலி. எங்க பக்கத்து டாக்டருங்க பாக்கறதெல்லாம் மாடு, ஆடு, கோழி. அவங்களைக் குத்தம் சொல்ல முடியாது. கடைசியில காலேஜ் நண்பனோட அக்கா, வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில படிச்சவங்க, அவங்க மூலமா புதுச்சேரி பக்கம் குதிரையேற்றம் சொல்லிக் கொடுக்கற இடங்களுக்குப் போற ஒரு டாக்டரம்மா நம்பர் கிடைச்சது. நடுவுல நவம்பர்ல நிவர் புயல் வேற. ஒருவழியா 2021 ஜனவரியில, பொங்கல் முடிஞ்சு வந்தாங்க.

நான் ஏதோ பிரஷ்ஷும் பேஸ்ட்டுமா வருவாங்கன்னு நினைச்சேன் (சிரிக்காதீங்க). வந்தது நீளக் கைப்பிடி போட்ட அரம் நாலஞ்சு, ஒரு வாளி, தலையில மாட்டற விளக்கு, வாயைத் திறந்தே வைக்க ஒரு இரும்புச் சட்டம். முதல்ல இதயத் துடிப்பைக் கேட்டாங்க. அப்பறம் மயக்க ஊசி. முழு மயக்கம் இல்ல, நின்னுக்கிட்டே தூங்கி வழியற அளவுக்கு. மண்டே காலை மீட்டிங்ல நாம நிப்போமே, அந்த மாதிரி. சட்டத்தை மாட்டி, வாயைக் கழுவி விட்டு, கையை முழங்கை வரைக்கும் உள்ளே விட்டாங்க. என்னையும் விளக்கைப் பிடிச்சுப் பாக்கச் சொன்னாங்க.

ரெண்டு கன்னத்துலயும் உள்பக்கம் நீள நீளமா புண்ணு. பழைய தழும்பு மேலேயே புதுப் புண்ணு. நாக்கோட ஓரம் வெட்டுப்பட்டு ஆறி வெட்டுப்பட்டு ஆறி மேடு பள்ளமா இருந்தது. கீழ்க் கடைசிப் பல் கொக்கி மாதிரி வளர்ந்து நிக்குது. மேல வரிசையில ஒரு பல் ஆடிக்கிட்டு இருந்தது, அந்த இடுக்குல தீனி போய் அழுகிக் கிடந்தது. அதான் அந்த வாடை.

அரம் போடற சத்தம், சின்ன வயசுல எங்க தெருவுல அம்மி கொத்தறவர் வந்தா கேட்குமே, கிட்டத்தட்ட அந்த மாதிரி பல்லைக் கூசவைக்கற சத்தம். டாக்டரம்மாகிட்ட அதைச் சொன்னேன். சிரிச்சுட்டு, "அம்மியைக் கொத்தறது சொரசொரப்பு வரணும்னு. இங்க ஓரத்துக் கூரை மட்டும்தான் எடுக்கணும். நடுவுல இருக்கற சொரசொரப்பையும் சேர்த்து வழவழன்னு தேய்ச்சுட்டா அப்பறம் அரைக்காது"ன்னாங்க. அரம் இருக்குன்னு யார் வேணா போட்டுடக் கூடாதாம். மிஷின் வச்சுத் தேய்க்கறவங்க ஒரே இடத்துல ரொம்ப நேரம் வச்சா சூடாகி உள்ளே இருக்கற உயிர்ச்சதை செத்துடும், குதிரைக்கு அப்பறம் பல்லே போயிடும்னும் சொன்னாங்க. ஆடற பல்லைப் பிடுங்கி பாய் கையில கொடுத்தாங்க. அவர் அதைப் பாத்துக்கிட்டே நின்னார்.

அடுத்து நடந்ததுதான் பாய்க்குப் பெரிய அடி. டாக்டரம்மா மேல் உதட்டைத் தூக்கி முன்பல் வரிசையைப் பாத்துட்டு, "என்ன வயசு சொன்னீங்க?"ன்னாங்க. பதிமூணுன்னார் பாய். ஆறு வயசுன்னு சொன்ன தரகரை நம்பி 2014ல வாங்கினது. குதிரையோட மேல்வரிசை ஓரத்து முன்பல்லுல ஒரு கோடு உண்டு. பத்து வயசு வாக்குல ஈறுகிட்ட ஆரம்பிச்சு, பதினஞ்சு வாக்குல பாதிப் பல், இருபது வாக்குல முழுப்பல் நீளத்துக்கும் வரும். அப்பறம் மேலேருந்து மறைய ஆரம்பிக்கும். ராணிக்குக் கோடு முழுசா இருந்தது. ரொம்பத் துல்லியமா சொல்ல முடியாது, ஆனா பதிமூணு நிச்சயமா இல்லைன்னாங்க. அதாவது பாய் ஏழு வருஷமா ஒரு கிழவியை இளவட்டம்னு நினைச்சு ஊர்வலத்துக்கு ஓட்டிட்டு இருந்திருக்கார்.

இந்த இடத்துல சிதம்பரத்துக்காரனா இல்லாம ஒரு விஷயம் சொல்லாமப் போக முடியாது. மாணிக்கவாசகர் கடைசியில வந்து சேர்ந்தது எங்க தில்லைக்குத்தான். அவர் கதையே குதிரைக் கதை. பாண்டியன் குதிரை வாங்கக் கொடுத்த பொன்னைத் திருப்பெருந்துறையில கோயிலுக்குச் செலவு பண்ணிட, சிவபெருமான் நரியெல்லாம் பரியாக்கி ஓட்டிட்டு வந்து, குதிரை லட்சணம் எல்லாம் விளக்கி, கயிறு மாத்திக் கொடுத்துட்டுப் போவார். ராத்திரியே எல்லாம் நரியா மாறி ஊளையிடும். பாண்டியன் ஒரு தடவை வாயைத் திறந்து பல்லைப் பாத்திருந்தா விஷயம் அங்கேயே முடிஞ்சிருக்குமோன்னு எனக்கொரு சந்தேகம் :-)

புராணம் போகட்டும். 13ஆம் நூற்றாண்டுக் கடைசியில பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ எழுதி வச்சிருக்கார், இங்க ராஜாக்கள் வருஷா வருஷம் ஆயிரக்கணக்குல குதிரையைக் கடல் வழியா கொள்ளை விலை கொடுத்து வாங்கறாங்க, வருஷம் முடியறதுக்குள்ள பெரும்பாலானது செத்துப் போகுதுன்னு. காரணமும் சொல்றார். பராமரிக்கத் தெரிஞ்ச ஆள் இல்ல, லாடக்காரங்க இல்ல, சோத்தையும் வேகவச்ச கறியையும் சேர்த்துத் தீனியாப் போடறாங்க. விக்கற வியாபாரிங்க வேற, வைத்தியம் தெரிஞ்சவங்களை இந்தப் பக்கம் வரவிடறதில்லையாம். செத்தாதானே அடுத்த வருஷம் வியாபாரம்! பல்லைப் பத்தி அவர் ஒரு வார்த்தை சொல்லல. ஆனா புல்லை அரைக்கப் படைச்ச வாய்க்கு தினமும் குழைஞ்ச சோறு போட்டா அந்தப் பல் என்ன கதியாகியிருக்கும்னு ராணி வாயைப் பாத்தப்பறம் எனக்கு யோசிக்காம இருக்க முடியல. எங்க ஊருக்கு அடுத்த பரங்கிப்பேட்டையில 1781 ஜூலை 1ஆம் தேதி ஹைதர் அலியும் அயர் கூட்டும் மோதினாங்களே, அதுல ஹைதரோட குதிரைப்படை பேர் பெத்தது. அத்தனை குதிரைக்கும் வாய் பாத்தது யாரோ. சரி, எங்கயோ போறேன். நிற்க.

ராணி சட்டுனு தேறிடல. முதல் ஒரு வாரம் ஊற வச்ச தவிடும் நறுக்கின பச்சைப்புல்லும்தான். அப்பறம் மெதுவா வைக்கோல். மூணாவது வாரம் கொட்டகைத் தரையில அந்த உருண்டை குறைஞ்சது. பங்குனி வாக்குல விலா எலும்பு மேல கொஞ்சம் சதை மூடிச்சு. கொள்ளை ஊற வச்சு எடுத்துட்டுப் போனா தூரத்துலயே கனைக்க ஆரம்பிச்சது.

மயக்கம் தெளியறதுக்காக அன்னிக்கு சாயங்காலம் நானும் பாயும் கொட்டகையிலயே உக்காந்திருந்தோம். தீனியை எட்ட வச்சுட்டு, தலை தொங்காம பாத்துக்கச் சொல்லியிருந்தாங்க. பாய் திடீர்னு ஆரம்பிச்சார். சிதம்பரத்துல ஒரு கல்யாணம். கடிவாளம் மாட்டும்போதே வாயை இறுக்கி மூடிக்கிச்சாம். ஊர்வலத்துல தலையைத் தலையை ஆட்டுது, மாப்பிள்ளை பயந்து இறங்கிட்டார். பேசின காசுல பாதியைப் பிடிச்சுக்கிட்டாங்க. திமிருன்னு நினைச்சு, வீட்டுக்கு வந்து கட்டிப்போட்டு அடிச்சிருக்கார். கடிவாளம் முன்பல்லுக்கும் கடைவாய்ப்பல்லுக்கும் நடுவுல இருக்கற இடைவெளியிலதான் உக்காரும். வாரை இழுக்க இழுக்க கன்னத்துச் சதை போய் அந்தக் கத்தி ஓரத்துல அழுந்தியிருக்கும். நான் அதை அவருக்கு விளக்கல. அவரே புரிஞ்சுக்கிட்டார்.

கொஞ்ச நேரம் சும்மா இருந்துட்டு, "இதுக்கு முன்னாடி ஒருத்தன் இருந்தானே, செவலை, ஒனக்கு ஞாபகம் இருக்கா?"ன்னார்.

இருந்தது. அந்தச் செவலை மேலதான் நான் முதமுதல்ல மாசி மகத்துல ஏறினது. நான் பள்ளிக்கூடத்துல படிக்கும்போது, 2013ல, ஒரே ராத்திரியில வயித்துவலி வந்து உருண்டு உருண்டு செத்துப் போச்சு. யாரோ செய்வினை வச்சுட்டாங்கன்னு ஊரே சொன்னது. பாய் அந்த சந்தேகத்துல தன் சொந்தத் தம்பியோட பேச்சை நிறுத்தினவர்.

"அவனும் இந்த மாதிரிதான் உருண்டை உருண்டையா துப்பிப் போட்டுக்கிட்டு இருந்தான்"ன்னார் பாய்.

நான் என்ன சொல்றது? அதுக்குப் பல்தான் காரணம்னு இன்னிக்கு யாரும் அடிச்சுச் சொல்ல முடியாது, குதிரைக்கு வயித்துவலி வர நூறு காரணம் உண்டுன்னேன். அவர் தலையாட்டினார். அடுத்த ரம்ஜானுக்கு அவர் தம்பி வீட்டுக்குப் போயிட்டு வந்தார்னு எங்க அம்மாதான் போன்ல சொன்னாங்க.

ராணி இப்பவும் இருக்கு. கல்யாணத்துக்கெல்லாம் போறதில்ல, ஓய்வு கொடுத்தாச்சு. அந்த வேலைக்குப் பாய் வேற ஒரு மட்டக்குதிரை வாங்கியிருக்கார். இந்தத் தடவை வாங்கறதுக்கு முன்னாடி டாக்டரம்மாவை வரவழைச்சு வாயைக் காட்டிட்டுத்தான் காசைக் கொடுத்தார். அதுக்கு வருஷத்துக்கு ஒரு தடவை பல் பாக்கறது. ராணிக்கு மட்டும் ஆறு மாசத்துக்கு ஒரு தடவை. ஏன்னா மேல பிடுங்கின பல்லுக்கு நேர் கீழே இருக்கற பல்லு உரசறதுக்கு ஆள் இல்லாம தனியா வளர்ந்துக்கிட்டே இருக்கும், அதை விட்டா மேல் ஈறைப் போய்க் குத்தும்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனப்ப பாய் என் கையைப் பிடிச்சு ராணியோட கன்னத்துல வச்சு மெதுவா அழுத்திக் காட்டினார். வெளியிலேருந்தே தெரிஞ்சது, ரம்பப் பல் மாதிரி. ராணி தலையை இழுத்துக்கிச்சு.

"எடது பக்கம் மறுபடி கூரு தட்டுது தம்பி. தை கடைசியில வரச் சொல்லிடு"ன்னார்.

பஸ் ஏறறதுக்கு முன்னாடியே டாக்டரம்மாவுக்கு போன் போட்டுட்டேன்.